தீக்கும் ஒரு தேசப்படம்

காட்டுத் தீயைப் பற்றித் தேவகோட்டையில் இருக்கும் ஒருவன் எழுதுவானேன் என்று நேயர்களில் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். எங்கள் பக்கத்தில் காடு என்று வாய் நிறையச் சொல்லத்தக்கது அதிகமில்லை. கண்மாய்களும், செம்மண் பொட்டல்களும், பனைகளும், எந்தத் திசையில் திரும்பினாலும் சீமைக் கருவேலமுமே கண்ணில் படும். பெருங்காட்டோடு எங்களுக்குள்ள உறவெல்லாம் வீட்டுக்குள்ளேதான் நிற்கிறது. கப்பலேறி வந்த பர்மாத் தேக்கு வளவுத் தூண்களாகவும் முகப்பு நிலைகளாகவும் நின்று, தலைமுறை தலைமுறையாக எண்ணெய் குடித்துப் பளபளக்கிறது.

ஆயினும் தீ, வன இலாகாவின் எல்லைக் கல்லைப் பார்த்து நடக்கும் வஸ்து அல்ல. மலைக்காட்டில் அதைத் தடுப்பதற்கு இன்று உலகம் கைக்கொள்ளும் உபாயம் ஒன்று இருக்கிறது. அது மலைக்குப் பொருந்துவது போலவே பொட்டலுக்கும் பொருந்தும் என்பது என் அபிப்பிராயம். ஆகையால் மலையிலிருந்தே தொடங்குகிறேன்.

2018-ஆம் ஆண்டு மார்ச்சு 11-ந் தேதி, தேனி ஜில்லாவில் போடிநாயக்கனூருக்கு மேற்கே உள்ள குரங்கணி மலையில் நடந்தது அனைவருக்கும் நினைவிருக்கும். மலையேற்றத்துக்காகச் சென்னையிலிருந்தும் கொங்கு நாட்டிலிருந்தும் வந்திருந்த இரண்டு கூட்டத்தார், கொழுக்குமலையிலிருந்து இறங்கி வரும் வழியில், உலர்ந்த புல் மூடிய சரிவில் தீயிடம் அகப்பட்டுக்கொண்டார்கள். அன்றைக்கும் அதற்குப் பின் ஆஸ்பத்திரிகளிலுமாக 20-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். பெரும்பாலோர் இளவயதினர். ஆகாய விமானப் படையின் ஹெலிகாப்டர்களும் கமாண்டோ வீரர்களும் வந்தது உண்மை. ஆனால் அவர்களுக்கு முன்னே புகைக்குள் ஏறிச் சென்று, காயம்பட்டவர்களைத் துணியிலும் கம்பிலும் தூளி கட்டி இறக்கியவர்கள் அந்த அடிவாரத்து ஜனங்களும் தேயிலைத் தோட்டத் தொழிலாளிகளுமே. மலையின் தேசப்படம் அவர்களுடைய கால்களில் இருந்தது. மாண்டவர்களுக்கோ, எந்தப் பள்ளம் எங்கே போய் முடியும், புல் எங்கே அடர்ந்திருக்கிறது, எந்தப் பாறை வெறும் பாறை என்ற விவரம் ஒன்றும் தெரிய வழியில்லை.

தீயின் சுபாவத்தை இங்கே சற்றுச் சொல்ல வேண்டும். சமதரையில் போவதைவிட மேடேறும்போது தீக்கு வேகம் அதிகம். கீழே எரியும் ஜுவாலை மேலேயுள்ள புல்லை முன்கூட்டியே காய்ச்சி உலர்த்திப் பக்குவப்படுத்திவிடுகிறது. சரிவு பத்துப் பாகை கூடினால் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது தீயணைப்போர் வைத்துக்கொண்டிருக்கும் உத்தேசக் கணக்கு. ஆகவே தீயைக் கண்டு பயந்தவன் இயல்பாகவே மேல் நோக்கி ஓடுவது, பல சமயங்களில் தீயின் பாதையிலேயே ஓடுவதாக முடிகிறது. எந்தச் சரிவில் என்ன செடி இருக்கிறது, அது எவ்வளவு உலர்ந்திருக்கிறது, காற்று எப்பக்கம், பாதை எங்கே, தண்ணீர் எங்கே என்ற ஐந்தாறு விஷயங்களை ஒரே படத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால், அபாயமான இடம் எது என்பது தீப் பிடிப்பதற்கு முன்பே தெரிந்துவிடும். மெல்லிய எண்ணெய்க் காகிதங்களில் தனித்தனியே வரைந்து, அடுக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது போன்றதுதான் இது. முன்னே காகிதத்தில் செய்ததை இப்போது கம்ப்யூட்டரில் செய்கிறார்கள்.

குரங்கணிக்குப் பிறகு சர்க்கார் விசாரணை நடத்திற்று. அந்த ஆண்டிலேயே தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்று தனி விதிகளும் வந்தன. விதிகள் வேண்டியவையே. ஆனால் அவை மலைக்குப் போகிறவர்களைப் பற்றியவை. மலையில் இருக்கிறவர்களைப் பற்றியவை அல்ல.

இனி ஆகாயத்துக்குப் போவோம். டேராடூனில் 1981 முதல் இருந்துவரும் இந்திய வன அளவை ஸ்தாபனம், 2004-லிருந்து செயற்கைக் கோள்களின் துணையால் காட்டுத் தீயைக் கண்டு அறிவித்து வருகிறது. முதலில் உதவியது மோடிஸ் என்ற கருவி. அதற்குப் பூமி, ஒரு பக்கம் ஒரு கிலோமீட்டர் உள்ள கட்டங்களாகத் தெரியும்; ஒரு கட்டம் ஏறக்குறைய 250 ஏக்கர். பின்னால் வந்த வியர்ஸ் என்ற கருவிக்குக் கட்டத்தின் பக்கம் 375 மீட்டர், அதாவது சுமார் 35 ஏக்கர். கட்டத்துக்குள் எங்கேனும் கடுஞ்சூடு தெரிந்தால், படத்தில் ஒரு புள்ளி விழும். அந்தப் புள்ளியைக் காட்டு எல்லைப் படத்தோடு பொருத்திப் பார்த்து, உரிய வன இலாகா அதிகாரிக்கும், பெயர் பதிந்துகொண்ட மற்றவர்களுக்கும் கைபேசியில் செய்தி அனுப்புகிறார்கள். நாட்டின் காட்டுப் பரப்பில் நூற்றுக்கு 36 பங்குக்கு மேல் அடிக்கடி தீப் பிடிக்கக்கூடியது என்று அந்த ஸ்தாபனமே கணக்கிட்டிருக்கிறது.

அருமையான ஏற்பாடு, சந்தேகமில்லை. ஆயினும் இதன் வரம்புகளைச் சொல்லாமல் விட்டால் பாதி உண்மையைச் சொன்னவனாவேன். செயற்கைக் கோள் நம் தலைக்கு மேலேயே நின்றுகொண்டிருப்பதில்லை. வியர்ஸ் கருவியை ஏந்திச் செல்லும் கோள் பகல் ஒன்றரை மணி வாக்கில் ஒரு தடவையும், நள்ளிரவு கழிந்து ஒன்றரை மணி வாக்கில் ஒரு தடவையும் கடந்து போகிறது. பிற்பகல் மூன்று மணிக்கு மூண்ட தீயை அது இரவில்தான் பார்க்கும். மேலும் அந்தப் புள்ளிக்குச் சருகு எரிகிறதா, செங்கற்சூளை எரிகிறதா, வயற்கட்டை எரிகிறதா என்ற பேதம் தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, செய்தி காட்டு எல்லைக்கு உட்பட்ட புள்ளிகளுக்கே போகிறது. எங்கள் தாலூகாவில் கண்மாய் உள்வாயில் புல் பற்றிக்கொண்டால் டேராடூனிலிருந்து எவருக்கும் தகவல் வராது. அமெரிக்க நாஸா ஸ்தாபனம் உலகத்துப் புள்ளிகள் முழுவதையும் இனாமாகவே வெளியிடுகிறது. வேண்டியவர் அங்கே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் பார்த்து என்ன செய்வது? புள்ளி, தீயின் முகவரியைச் சொல்லுமேயன்றி, அங்கே போகும் வழியைச் சொல்லாது.

அந்த வழியை ஊரார்தான் சொல்ல வேண்டும். இந்த உண்மையைச் சட்டமாகவே எழுதி வைத்தார்கள் அமெரிக்கர். 2003-ஆம் ஆண்டில் அங்கே இயற்றிய வனச் சட்டம் ஒன்று, காட்டோரத்து ஊர்கள் தாங்களே கூடித் தீப் பாதுகாப்புத் திட்டம் வகுக்க இடம் கொடுத்தது. அந்த ஊராட்சியும், அவ்விடத்துத் தீயணைப்புப் படையும், ராஜ்யத்தின் வன இலாகாவும் ஆகிய மூவரும் ஒப்புக்கொண்டால்தான் திட்டம் திட்டமாகும். எந்தெந்த இடத்தில் புதரை முதலில் வெட்டிக் குறைப்பது என்பதை வரிசைப்படுத்திச் சொல்ல வேண்டும். வீடுகள் தீப் பிடிக்காமலிருக்க என்ன செய்வது என்பதையும் சொல்ல வேண்டும். நம் ஜில்லாவைப் போன்ற 'கவுண்டி' என்னும் பிரிவுகள் பலவற்றில், மேலே நான் சொன்ன அடுக்குப் படங்களைக் கொண்டு ஜனங்களைக் கூட்டி இப்படித் திட்டம் வகுத்திருக்கிறார்கள். குடியானவனும் தீயணைப்புக்காரனும் படத்தின் முன் உட்கார்ந்து, 'இந்தப் பாலத்தில் வண்டி போகாது', 'இந்தக் கிணறு வற்றிவிட்டது' என்று திருத்தினார்களானால், அதுவே படத்துக்கு உயிர்.

படம் இருந்துவிட்டால் போதுமா? போதாது என்பதற்கும் சாட்சி அமெரிக்காவிலேயே உண்டு. கலிபோர்னியாவில் பாரடைஸ் என்று ஓர் ஊர். பெயருக்குச் சொர்க்கம் என்று அர்த்தம். மலைமுகட்டில் அமைந்த அவ்வூரை வட்டங்களாகப் பிரித்து, எந்த வட்டத்தார் எப்போது எந்தச் சாலையில் வெளியேறுவது என்று ஏற்பாடு செய்து, ஒத்திகையும் பார்த்திருந்தார்கள். 2018 நவம்பர் 8-ந் தேதி வந்த தீயோ, வட்டம் வட்டமாக வரவில்லை. காற்றோடு வந்து ஊர் முழுவதையும் ஒரே காலையில் சூழ்ந்துகொண்டது. வெளியேறும் சாலைகள் மோட்டார்களால் அடைபட்டுப் போயின. 85 பேர் இறந்தார்கள். வீடும் கடையுமாகப் பதினெண்ணாயிரத்துக்கு மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன. அப்படியும், திட்டமே வீண் என்று நான் சொல்லமாட்டேன். அத்திட்டம் இல்லாதிருந்தால் எண்ணிக்கை எங்கே போய் நின்றிருக்குமோ! படத்தில் சாலையைக் கோடாகப் போட்டால் போதாது. அந்தச் சாலை ஒரு மணி நேரத்தில் எத்தனை பேரை வெளியே விடும் என்பதையும் எழுத வேண்டும் என்பதே அதிலிருந்து நான் தெரிந்துகொண்டது.

நம் தேசத்தில் படம் வரைவதற்கு ஒரு சரித்திரம் உண்டு. அது அவ்வளவு இனிமையான சரித்திரம் அல்ல. 1802-ல் லாம்டன் என்ற ஆங்கில ராணுவ அதிகாரி பரங்கிமலைக்கு அருகே அடிக்கோடு அளந்துதான் இந்தியாவின் மகத்தான முக்கோண அளவையைத் தொடங்கினார். பூமியின் வடிவத்தையே அளந்த அந்த உழைப்புக்கு நான் தலை வணங்குகிறேன். எனினும் அப்படங்களால் முதலில் பயனடைந்தவர்கள் வரி வாங்குகிறவர்களும் படை நடத்துகிறவர்களுமே. சுதந்திரம் வந்து வெகுகாலம் வரையிலுங்கூட, நுட்பமான படம் தயாரிப்பதற்கு அனுமதி பெற வேண்டியிருந்தது. 2021 பிப்ரவரியில்தான் அந்தக் கட்டுகளை மத்திய சர்க்கார் பெரும்பாலும் தளர்த்தினார்கள். இன்று எட்டாம் வகுப்புப் பையன் தன் தகப்பனாரின் கைபேசியை எடுத்துக்கொண்டு கண்மாய்க் கரையைச் சுற்றி ஒரு நடை நடந்தால், அக்கரையின் வடிவம் படத்தில் விழுந்துவிடும். லாம்டனுடைய தியோடலைட் அரை டன் கனம்!

காட்டிலும் இதே கதைதான். காட்டைக் காப்பது ஆள்வோர் காரியம், காட்டில் இருப்பவன் குற்றவாளி என்ற கொள்கையின் பலன் என்ன ஆயிற்று என்பதற்குக் குமாவூன் மலைநாட்டைப் பார்க்கலாம். அங்கே 1921-ல், வன இலாகாவின் கெடுபிடி பொறுக்கமாட்டாமல் ஜனங்களே சர்க்கார் காடுகளுக்குத் தீ வைத்தார்கள். 1942 ஆகஸ்டில் கோர்ட்டுக் கட்டடம் எரிந்த ஊர்க்காரர்களுக்கு இந்த மனநிலையை நான் விளக்க வேண்டியதில்லை. தன்னுடையதல்ல என்று ஆக்கப்பட்டுவிட்ட ஒன்றை எவன் ஓடிவந்து அணைப்பான்? பத்தாண்டு கழித்து, 1931-ல், அதே நாட்டில் கிராமத்தார் தாங்களே நடத்தும் வன பஞ்சாயத்துகளுக்கு விதி செய்ய நேர்ந்தது.

தீ என்றால் எப்போதும் பகை என்ற எண்ணமும் சரியன்று. எங்கள் வீட்டுத் தூண்களைத் தந்த பர்மாவிலேயே, தேக்குக் காட்டைத் தீ அணுகவே கூடாது என்று ஆங்கில வன இலாகா பல ஆண்டு பணத்தைச் செலவிட்டது. பிறகு, இளந்தேக்கு முளைத்து வளர ஓரளவு தீ அநுகூலமாகவே இருக்கிறது என்று கண்டு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல காடுகளில் அந்தக் காவலை விட்டுவிட்டது. சத்தியமங்கலத்துக்கு வடக்கே பிளிகிரிரங்கன் மலையில் வாழும் சோளகர்கள் கோடை முற்றுவதற்கு முன்னரே சருகுக்குச் சிறு தீ வைத்து எரித்துவிடுவார்கள். அது தரையோடு தவழ்ந்து அணைந்துவிடும். வன விலங்குச் சட்டம் வந்தபின் இவ்வழக்கம் தடைப்பட்டது. உண்ணிச்செடி காட்டை மூடிக்கொண்டது இதனாலேயே என்பது அவர்கள் கட்சி. இப்போது பற்றுகிற தீ உண்ணிச்செடிப் புதரைப் பிடித்துக்கொண்டு மரத்தின் தலைக்கு ஏறுகிறது. அந்தச் சோளகர்கள் ஆராய்ச்சியாளர் சிலருடைய துணையோடு, தங்கள் குலதெய்வ ஸ்தானங்கள் ஐந்நூறுக்குச் சமீபமாக உள்ளவற்றைக் காடெங்கும் நடந்து குறித்துப் படமாக்கினார்கள். 2011-ல் அவர்களுக்குச் சமூக வன உரிமையும் கிடைத்தது. தேசப்படத்தைக் குடிமகன் கையில் எடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

குமாவூனுக்கு மறுபடியும் போகிறேன். அல்மோரா ஜில்லாவில் சீத்லாகேத் என்ற ஊரைச் சுற்றியுள்ள கிராமங்களில், முக்கியமாக ஸ்திரீகள் முன்னின்று ஒரு தீர்மானம் செய்துகொண்டார்கள். வயலோரத்துச் செத்தையை எரிப்பது அங்கே பழைய வழக்கம். காட்டுத் தீக்குப் பாதிக் காரணம் அதுவே. எரிப்பதை நிறுத்து என்றால் எவரும் கேட்கமாட்டார்கள். ஆகவே மார்ச்சு மாதம் முடிவதற்குள் எல்லோரும் எரித்து முடித்துவிடுவது, ஏப்ரல் பிறந்தபின் ஒருவரும் எரிப்பதில்லை என்று நாள் குறித்தார்கள். இதற்குச் செயற்கைக் கோள் தேவைப்படவில்லை, பஞ்சாங்கம் போதுமானதாயிருந்தது.

2024 மார்ச்சில் குன்னூரருகே காடு பல நாள் எரிந்து, விமானப் படையின் ஹெலிகாப்டர் வாளி வாளியாகத் தண்ணீர் மொண்டு ஊற்ற நேர்ந்தது. தனியார் தோட்டம் ஒன்றில் குப்பை எரித்ததே மூலம் என்று பத்திரிகைகள் எழுதின. ஹெலிகாப்டர் ஒரு மணி பறக்கும் செலவில் எத்தனை கிராமங்களில் சீத்லாகேத் தீர்மானத்தைச் செய்திருக்கலாம் என்று எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது.

இனித் தேவகோட்டைக்குத் திரும்புவோம். எங்கள் தீ எங்கே இருக்கிறது? வெயில் முற்றியதும் கண்மாய் உள்வாயில் நிற்கும் காய்ந்த கோரையில் இருக்கிறது. வெட்டிக் குவித்த கருவை முள்ளில் இருக்கிறது. 2017-ஐ ஒட்டி ஹைக்கோர்ட்டு மதுரைக் கிளையின் உத்தரவால் ஊர் ஊராகக் கருவையை வெட்டினார்களே, வெட்டிய இடங்களில் முள் மலைபோல் கிடந்ததைக் கண்டவர்கள் அறிவார்கள். பச்சைக் கருவை சுலபத்தில் பற்றாது. காய்ந்த முள்ளோ வெடிமருந்துக்கு அடுத்தபடி. கரிமூட்டங்களில் இருக்கிறது, மூட்டம் போட்டவன் நாலு நாள் கண் விழிக்காவிட்டால் கங்கு காற்றில் கிளம்பும். வீட்டுக்குப் பின்னால் வைக்கோற் படப்பில் இருக்கிறது. இன்னும் மிஞ்சியிருக்கும் கூரை வீடுகளில் இருக்கிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிறோம்; கங்கு பறக்காதா? பெருந்தீயில் வீடுகளைக் கொளுத்துவது பெரும்பாலும் ஜுவாலையன்று, பறந்து விழும் பொறியே என்று இத்துறை அறிந்தவர்கள் கூறுகிறார்கள். வீட்டைச் சுற்றி முதல் முப்பது மீட்டரைச் சுத்தமாக வைத்தால் வீடு பெரும்பாலும் தப்பும் என்பதும் அவர்கள் சொல்வதே. நம் முன்னோர் கார்த்திகைச் சொக்கப்பனையைக் கூரைகளுக்கு எட்டாத வெளியில் நட்டதும் இதே கணக்கில்தான்.

என் வகுப்புப் பையன்களைத் தத்தம் கிராமத்துக்குப் படம் வரையச் சொன்னேன். கோயில், பள்ளிக்கூடம், கண்மாய், பஸ் நிற்கும் இடம், டீக்கடை எல்லாம் வந்தன. படப்பு எங்கே இருக்கிறது என்று ஒருவனும் போடவில்லை. தெருவின் அகலத்தை எவனும் அளக்கவில்லை. மறுவாரம் கயிற்றைக் கொடுத்து அனுப்பினேன். தீயணைப்பு வண்டி நுழையமுடியாத சந்துகள் இத்தனை இருக்கின்றனவா என்று அவர்களே ஆச்சரியப்பட்டார்கள். ஒரு பையன் தன் படத்தில் மூன்று கிணறுகளைக் காட்டி, 'இது மாசியில் வற்றும், இது சித்திரையில் வற்றும், இது வற்றவே வற்றாது' என்று எழுதியிருந்தான். எந்தச் செயற்கைக் கோளும் அதை எழுதாது.

ஆகவே செய்யவேண்டியது கஷ்டமான காரியமன்று. கிராமத்துப் புலப்பட நகல் சர்க்காரிடம் கிடைக்கிறது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற உலகப் பொதுப் படத்தில் எவரும் தம் ஊரின் தெருவையும் கிணற்றையும் சேர்க்கலாம், செலவில்லை. தண்ணீர், பம்புசெட்டு உள்ள கிணறு, படப்பு, முள் குவியல், கரிமூட்டம், வண்டி போகும் தெரு, போகாத சந்து, காற்றடிக்கும் திசை ஆகியவற்றைக் குறித்தால் முக்கால் வேலை ஆயிற்று. நடக்கமாட்டாத கிழவர் கிழவியர் இருக்கும் வீடுகளையும் குறிக்க வேண்டும். ஆனால் அதை உலகப் படத்தில் போடக்கூடாது. யார் வீட்டில் யார் தனியே படுத்திருக்கிறார்கள் என்பது திருடனுக்கும் உபயோகமான தகவல். அது காகிதத்தில், பஞ்சாயத்துத் தலைவரிடமும் தீயணைப்பு நிலையத்திலும் மட்டும் இருக்கட்டும்.

நாள் ஒன்று குறிக்க வேண்டும். ஜனவரி 26-ந் தேதி ஒவ்வொரு பஞ்சாயத்திலும் கிராம சபை கூடுகிறது. அப்போது அறுவடை பெரும்பாலும் முடிந்து வைக்கோல் வீடு வந்து சேர்ந்திருக்கும். கண்மாயில் சிறிது தண்ணீரும் இருக்கும். தீயின் காலம் இன்னும் தொடங்கியிராது. அன்றைக்கு இந்தப் படத்தைச் சபையில் விரித்து, தீயணைப்பு நிலையத்திலிருந்து ஒருவரையும் அழைத்து வைத்துக்கொண்டு, எந்தப் படப்பை எங்கே நகர்த்துவது, எந்தக் கிணற்றுக்காரர் பம்புசெட்டுச் சாவியை யாரிடம் கொடுத்துவிட்டு வெளியூர் போவது என்று தீர்மானம் எழுதலாம். நகரசபைக்கு உட்பட்ட தேவகோட்டைத் தெருக்களில் கிராம சபை கிடையாது. அங்கே வார்டு மெம்பரைத்தான் பிடிக்க வேண்டும். எங்கள் பையன்களின் படங்களில் பதினொன்று தயாராக இருக்கின்றன. கிணறுகளை மட்டும் பங்குனி, சித்திரையில் இன்னொரு முறை எட்டிப் பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.